ஊருக்குப் போகாதவன் பாட்டு

டிசம்பர் பிறந்துவிட்டது என்பதை லிங்கராஜபுரத்தில் காலண்டரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மொட்டை மாடிகளில் காகித நட்சத்திரம் ஏறிவிடும். அடுப்படிகளில் கலகலாவும் அச்சு முறுக்கும் பொரியும் வாசனை தெருவரை வரும். மூன்றாவதாக, ஏதோ ஒரு வீட்டு ஜன்னல் வழியாக ஓர் ஆண் குரல் கேட்கும். கனத்த குரல், ஆனால் மிரட்டாத குரல். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலப் பாடும் குரல். அதுதான் ஜிம் ரீவ்ஸின் குரல்.

அவருடைய கிறிஸ்துமஸ் இசைத்தட்டு வெளிவந்தது 1963-ல். அவர் இறந்தது 1964-ல். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இதற்குள் நம் கண்ணெதிரே எத்தனையோ மாறிவிட்டன. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கவயல் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. பலருக்குச் சோறு போட்ட என்.ஜி.இ.எப். தொழிற்சாலையும் மூடப்பட்டது. லிங்கராஜபுரத்து ஓட்டு வீடுகள் அடுக்கு மாடிகளாகிவிட்டன. கிராமபோன் போய் டேப் ரிக்கார்டர் வந்தது. அது போய் சி.டி. வந்தது. அதுவும் போய் இப்போது எல்லாம் செல்போன்தான். ரீவ்ஸ் மட்டும் போகவில்லை!

ஒவ்வொரு ஆண்டும் இதைப் பற்றி ஒரு சர்ச்சையும் தவறாமல் நடக்கிறது. "நமக்கென்று அருமையான தமிழ்க் கீர்த்தனைகள் இருக்க, அமெரிக்காக்காரன் பாட்டு எதற்கு?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். "தாத்தா காலத்துப் பாட்டு, அழுமூஞ்சிப் பாட்டு" என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இது வெறும் பாட்டு விவகாரம் அல்ல. பிழைக்க வந்த ஊரில் நாம் எதை நம்முடையது என்று வைத்துக்கொள்கிறோம் என்பதைப் பற்றியது.

யார் இந்த ரீவ்ஸ்?

ஜிம் ரீவ்ஸ் பெரிய இடத்துப் பிள்ளை அல்ல. 1923-ல் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஒரு சிறிய கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தவர். பேஸ்பால் ஆட்டக்காரராக வேண்டும் என்று ஆசைப்பட்டார். காயம்பட்டு அந்த ஆசை கைநழுவிப் போயிற்று. பிறகு ரேடியோவில் அறிவிப்பாளராக வேலை பார்த்தார். பாட்டு அதற்குப் பிறகு வந்ததுதான்.

அவர் பாடியது, அமெரிக்காவின் நாட்டுப்புறத்திலிருந்து வந்த கன்ட்ரி இசை. ஆரம்பத்தில் மற்றவர்களைப் போல அவரும் உரக்கத்தான் பாடினார். 1957 வாக்கில் தம் வழியை மாற்றிக்கொண்டார். மைக்கை உதட்டருகே வைத்து, குரலைத் தணித்து, காதோடு சொல்வது போலப் பாடத் தொடங்கினார். கிடார் கலைஞரும் தயாரிப்பாளருமான செட் அட்கின்ஸ் அவருக்குத் துணையாக இருந்தார். கிராமத்துப் பிடிலின் கீச்சொலி பின்னுக்குப் போனது; மென்மையான வயலின்களும் பின்பாட்டுக் குரல்களும் முன்னுக்கு வந்தன. நாஷ்வில் நகரத்தின் பெயரால் இன்றும் அந்தப் பாணியைச் சொல்கிறார்கள்.

1964 ஜூலை 31-ந் தேதி, தாமே ஓட்டிவந்த சிறிய விமானம் இடிமழையில் சிக்கி நாஷ்வில் அருகே விழுந்து ரீவ்ஸ் இறந்தார். வயது 40. இரண்டு நாள் தேடிய பிறகே உடல் கிடைத்தது. கிறிஸ்துமஸ் இசைத்தட்டு வெளிவந்த மறு ஆண்டு கிறிஸ்துமஸைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. ஆனால், பதிவு செய்து வைத்திருந்த பாட்டுகள் அவருக்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தன. 1966-ல், இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தில் அவருடைய பாட்டு முதலிடத்தைப் பிடித்தது. நார்வேயிலும் தென்னாப்பிரிக்காவிலும் இலங்கையிலும் அவருக்கு இருந்த மவுசு கொஞ்சமல்ல.

இங்கே எப்படி வந்தார்?

பெங்களூர் தண்டுப் பகுதி 1809-ல் ஏற்பட்டது. பட்டாளத்தோடும் பட்டாளத்துக்கு வேண்டிய தொழில்களோடும் தமிழர்கள் வந்தார்கள். பிறகு மில்கள், ரயில்வே, எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல். என்று தொழிற்சாலைகள் வரவர, வட ஆற்காடு, தர்மபுரி, சேலம், இன்னும் தெற்கே திருநெல்வேலி, நாகர்கோவில் வரை உள்ளவர்கள் வந்து சேர்ந்தார்கள். குக் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், லிங்கராஜபுரம் பக்கங்களில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் அக்கம்பக்கமாக வாழ்ந்தன. ஒரே கிணற்றில் தண்ணீர், ஒரே தொழிற்சாலையில் ஷிப்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரே தேவாலயத்தில் முன்பின்னாக ஆராதனை.

ஆங்கிலோ-இந்தியர் வீட்டு ஹாலில் கிராமபோன் இருக்கும். நம்மவர் வீட்டில் ரேடியோ இருக்கும். அந்த ரேடியோவில் இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையை இரைச்சலுக்கு நடுவே பிடித்துக் கேட்டவர்கள் உண்டு. இப்படி, ஒரு பக்கம் பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டியும், இன்னொரு பக்கம் கடலைத் தாண்டியும் ரீவ்ஸ் நம் வீட்டுக்குள் வந்தார். டேப் ரிக்கார்டர் வந்தபிறகு கேட்கவே வேண்டாம். ஒரு கேசட்டிலிருந்து பத்துக் கேசட் ஆயிற்று.

நம்மவர்களுக்கு அவரிடம் முதலில் பிடித்தது என்ன தெரியுமா? அவர் பாடுவது புரிந்தது! ரேடியோ அறிவிப்பாளராக இருந்தவர் அல்லவா? ஒரு சொல்லைக்கூட விழுங்க மாட்டார். தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, மேலதிகாரி என்ன சொல்கிறார் என்று திணறிக்கொண்டிருந்த குமாஸ்தாவுக்கும் பிட்டருக்கும், ஆங்கிலம் பேசும் ஒரு மனிதர் நிதானமாக, கேலி செய்யாமல் பேசியது அவர் ஒருவர்தான். அவர் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்த நோட்டுப் புத்தகங்களை நான் பார்த்திருக்கிறேன். வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல அது. ஒரு மொழியின் வாசலில் நின்றவனை உள்ளே கூப்பிட்ட குரல் அது.

இரண்டாவது, அந்தப் பாட்டுகள் எளியவை. கிடாரில் மூன்று நான்கு கட்டை தெரிந்தால் வாசித்துவிடலாம். பாடகர் குழுவில் சேர்ந்த பையன்களுக்கு அதுவே ஆரம்பப் பாடம்.

அவர் என்ன பாடினார்?

ஆனால், புரிந்தது, எளிதாக இருந்தது என்பதெல்லாம் ஒரு பாட்டை ஐந்தாறு ஆண்டு காப்பாற்றலாம். அறுபது ஆண்டு காப்பாற்றாது. உண்மையான காரணம் வேறு.

அந்த இசைத்தட்டில் உள்ளவை பன்னிரண்டு பாட்டுகள். கடைசியில் வருபவை தேவாலயப் பாட்டுகள். முன்னால் வருபவற்றைக் கூர்ந்து கேட்டுப் பாருங்கள். ஒன்றில், பழைய கிறிஸ்துமஸ் அட்டை ஒன்று கையில் கிடைக்கிறது. பழைய நாட்கள் நினைவுக்கு வருகின்றன. இன்னொன்றில், வேண்டியவள் பக்கத்தில் இல்லாததால் பண்டிகையே களையிழந்து கிடக்கிறது. வேறொன்றில், ஏழைப் பையன் ஒருவன் இந்த முறையாவது தன் குடிசையை மறந்துவிடக் கூடாது என்று கிறிஸ்துமஸ் தாத்தாவிடம் கெஞ்சுகிறான். பனி பெய்யும் கிறிஸ்துமஸுக்கு ஏங்கும் பாட்டும் இருக்கிறது. அது ரீவ்ஸுக்காக எழுதப்பட்டதல்ல; 1942-ல், உலகப் போரின் நடுவே வெளிவந்து, வீட்டைப் பிரிந்திருந்த சிப்பாய்களின் நெஞ்சைத் தொட்ட பாட்டு. அதை எழுதிய இர்விங் பெர்லின், ரஷ்யாவிலிருந்து குழந்தையாக அமெரிக்காவுக்கு வந்த யூதர். அவரும் பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைதான்!

இப்போது தெரிகிறதா? இவை பண்டிகை கொண்டாடுகிறவன் பாட்டுகள் அல்ல. பண்டிகைக்கு ஊருக்குப் போக முடியாதவன் பாட்டுகள்.

நம் நிலைமையும் அதுதானே! டிசம்பர் 24-ந் தேதி இரண்டாவது ஷிப்டு. 25 ஒரு நாள்தான் விடுமுறை. தெற்கே போகும் ரயிலில் இடம் கிடைக்காது. பஸ்ஸில் கேட்கும் பணத்துக்குப் பிள்ளைகளுக்குத் துணியே எடுத்துவிடலாம். "அடுத்த வருஷம் பார்க்கலாம்மா" என்று தாய்க்கு எழுதிய கடிதங்கள் எத்தனை! தாய் போய்ச் சேர்ந்தபிறகு அந்தக் கடிதங்களை எண்ணிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்தப் பக்கம், ஆங்கிலோ-இந்தியர் வீடுகளிலும் அதே கதை. பிள்ளைகள் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் போனார்கள். வயதானவர்கள் இங்கேயே அட்டைக்காகக் காத்திருந்தார்கள். ஒரு வீட்டில் ஊரைப் பிரிந்து வந்தவன். அடுத்த வீட்டில் பிள்ளையைப் பிரிந்து இருப்பவள். இரண்டு வீட்டுக்கும் ஒரே பாட்டு.

லிங்கராஜபுரத்தில் ஏது அந்தப் பனி என்று சிலர் கேலி செய்வதுண்டு. ஆனால் தமிழில் நமக்கு அதுவும் பனிதான், மார்கழியில் புல்லின் மேல் நிற்பதும் பனிதான். ஒரே சொல். பெங்களூர் டிசம்பரில் விடியற்காலை மப்ளரைச் சுற்றிக்கொண்டு முதல் ஷிப்டுக்குச் சைக்கிள் மிதித்தவனுக்கு அந்தப் பாட்டில் எதுவும் அந்நியமாகத் தோன்றவில்லை.

1991 டிசம்பர்

இந்தப் பாட்டுகளைப் பற்றி நான் இவ்வளவு எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு.

1991-ல் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு மத்திய அரசிதழில் வெளியானதைத் தொடர்ந்து, டிசம்பர் 12, 13 தேதிகளில் பெங்களூரில் கலவரம் வெடித்தது. தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். உயிர்கள் போயின. கடைகள் எரிந்தன. ஏராளமானவர்கள் மூட்டை முடிச்சுகளோடு தமிழ்நாட்டுக்குப் போய்விட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

எங்கள் தெருவில் யாருக்கும் அடி விழவில்லை. ஆனால் பயம் இருந்தது. வீட்டுக்குள்ளேயே தமிழைத் தாழ்ந்த குரலில் பேசினோம். குழந்தைகள் தெருவில் "அம்மா" என்று உரக்கக் கூப்பிட்டாலே நெஞ்சு பதைத்தது. பாடகர் குழு அந்த ஆண்டு வீடு வீடாக வரவில்லை. நட்சத்திரத்தை வாங்கினோம், மாடியில் ஏற்றவில்லை. டேப் ரிக்கார்டர் துணி போர்த்தியபடி மூலையில் இருந்தது.

24-ந் தேதி சாயங்காலம் கீழ் வீட்டு அம்மாள் படியேறி வந்தார். வீட்டுக்காரரின் மனைவி, கன்னடக்காரர், கோயிலுக்குப் போகிறவர். வாசலில் நின்றுகொண்டு, "யாக்கே, ஈ வர்ஷ ஹாடு இல்வா?" என்று கேட்டார். ஏன், இந்த வருஷம் பாட்டு இல்லையா என்று! அவருக்கு அந்தப் பாட்டில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் பல வருஷமாகக் கீழே அடுப்படியில் நின்று அதைக் கேட்டிருக்கிறார். அந்தக் குரல் இல்லாமல் அவருக்கும் டிசம்பர் வந்ததாகத் தோன்றவில்லை.

என் மனைவி துணியை எடுத்துவிட்டு கேசட்டைப் போட்டாள். அம்மாள் உள்ளே வந்து உட்கார்ந்தார். யாரும் எதுவும் பேசவில்லை. பாட்டு ஒரு பக்கம் முடிந்ததும், "வரேம்மா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் காலை எங்கள் நட்சத்திரம் மாடியில் தொங்கியது.

அன்று நான் தமிழ்க் கீர்த்தனையைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த அம்மாளுக்கு அதுவும் பிடித்திருக்கும் என்றுதான் நம்புகிறேன். ஆனால் போடும் துணிவு எனக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தேவாலயத்தில் எந்த மொழியில் பூசை, எந்த மொழியில் பாட்டு என்பதே இந்த ஊரில் பலமுறை சச்சரவாகியிருக்கிறது. அந்த நேரத்தில், அவருக்கும் சொந்தமில்லாத, எனக்கும் சொந்தமில்லாத ஒரு பாட்டு இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்தது. ஆங்கிலம் உசத்தி என்பதால் அல்ல. அந்தப் பாட்டில் சண்டை போட எதுவும் இல்லை என்பதால்.

பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும்

"கீர்த்தனைகள் இருக்க இது எதற்கு?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு இதுதான் என் பதில். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் கிருஷ்ண பிள்ளையும் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன செல்வத்துக்கு ஈடில்லை. அதைப் பாடாத தமிழ்த் திருச்சபை வேரில்லாத மரம். ஆனால் கீர்த்தனை செய்வது ஒரு வேலை; ரீவ்ஸ் செய்வது வேறு வேலை. கீர்த்தனை பாலன் பிறந்த மகிழ்ச்சியைச் சபையாகச் சேர்ந்து பாடுவது. ரீவ்ஸ் பாடுவது, சபை கலைந்து வீட்டுக்கு வந்தபிறகு, தனியாக உட்கார்ந்து ஊரை நினைப்பவனுக்கு. சோறும் வேண்டும், ராத்திரி ஒரு டம்ளர் பாலும் வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றொன்று கெட்டுவிடாது.

அந்நியப் பாட்டு என்ற வாதமும் நிற்காது. நாம் தமிழில் பாடும் ஞானப் பாட்டுகளில் பல, ஜெர்மானிய மொழியிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் வந்தவை. கிறிஸ்துமஸ் இரவில் உலகமே மெழுகுவர்த்தி ஏந்திப் பாடும் அமைதியான பாட்டு, 1818-ல் ஆஸ்திரியாவில் ஒரு சிற்றூர்த் தேவாலயத்தில் முதலில் பாடப்பட்டது. அதை இன்று அந்நியப் பாட்டு என்று யாராவது சொல்கிறார்களா? ஒரு பாட்டு நம்முடையதா இல்லையா என்பது, அது எங்கே பிறந்தது என்பதைப் பொறுத்ததல்ல. எத்தனை பேருடைய துக்கத்தில் துணையாக இருந்தது என்பதைப் பொறுத்தது.

"அழுமூஞ்சிப் பாட்டு" என்று சிரிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் அப்பா பாக்டரியில் அழ முடியாது. சூப்பர்வைசர் முன்னால் அழ முடியாது. கடன் கேட்கப் போன இடத்தில் அழ முடியாது. வருஷத்தில் ஒரு நாள், ஒரு பாட்டை முன்னிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. இன்று நீங்கள் கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்கு அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகிறீர்கள். அங்கே ஒரு டிசம்பர் இரவில், தனி அறையில், செல்போனில் இந்தக் குரலை நீங்களே தேடிப் போட்டுக் கேட்பீர்கள். அப்போது சிரிப்பு வராது.

ஆனாலும் ஒரு குறையை மறைக்கக் கூடாது. சிலர் தெருமுனையில் பெரிய ஸ்பீக்கர் கட்டி ரீவ்ஸை அலறவிடுகிறார்கள். நோயாளிகள் இருக்கிறார்கள், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்ற நினைப்பே இல்லை. உரக்கப் பாடுவதை விட்டுவிட்டு மைக்கின் காதில் பேசக் கற்றுக்கொண்ட மனிதரை அலறவிடுவது அவருக்கே செய்கிற அநியாயம். அவரை ஜன்னல் அளவுக்குக் கேட்டால் போதும். கீழ் வீட்டு அம்மாளுக்குக் கேட்டது அந்த அளவில்தான்.

இன்னொரு ஆசையும் உண்டு. ஊருக்குப் போக முடியாத தமிழனின் கிறிஸ்துமஸைத் தமிழிலேயே ஒருவர் பாட வேண்டும். ஷிப்டையும், கிடைக்காத ரயில் டிக்கெட்டையும், அம்மாவுக்குச் சொன்ன "அடுத்த வருஷ"த்தையும் பாட வேண்டும். நம் பாடகர் குழுக்களில் கிடார் பிடிக்கும் பையன்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ரீவ்ஸிடம் பாட்டைக் கற்றுக்கொண்டவர்கள், அவர் அதை எதற்காகப் பாடினார் என்பதையும் கற்றுக்கொண்டால் அது நடக்கும்.

அதுவரை அவரே பாடட்டும். இந்த டிசம்பர் 24 ராத்திரி, ஷிப்டு முடிந்து வந்து அந்தப் பாட்டைப் போடும்போது, பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் யாரை நினைத்துக் கேட்கிறீர்கள் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். ஊரில் தாயோ தகப்பனோ இன்னும் இருந்தால், பாட்டு முடிந்ததும் ஒரு போன் போடுங்கள். இல்லாதவர்கள், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி ஒரு தட்டுக் கலகலாவாவது கொடுங்கள்.